கோஸ் கூட்டும் மீந்த பொங்கலும்

1

போன மாதம் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் அம்மாள் போன் செய்தார். "மாமி, புதுசா கல்யாணமாகி வந்திருக்கிற பொண்ணுங்களுக்கு நீங்க ஒரு அரை மணி நேரம் பேசணும்" என்றார். என்ன தலைப்பு என்று கேட்டேன். குறைந்த செலவில் இரண்டு பேருக்குச் சத்தான ராத்திரிச் சாப்பாடு. "அதுல நீங்கதானே எக்ஸ்பர்ட்!" என்று சிரிப்பு வேறு.

எக்ஸ்பர்ட்டாம். பத்து வருஷமாக இந்த மழை ஊரில் கோஸ் நறுக்கிக்கொண்டிருப்பவளுக்குக் கிடைத்த பட்டம் இது. மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போனேன், பேசினேன். எந்தப் பருப்பு மலிவு, கடைத்தெருவுக்கு எந்த நேரத்தில் போனால் கீரை சும்மா கிடைக்கும், அரிசிக்குப் பதில் எதைப் போடலாம் என்றெல்லாம் சொன்னேன். அந்தப் பெண்கள் சமத்தாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "உங்க ஹஸ்பெண்ட் இதையெல்லாம் சாப்பிடுவாரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். சாப்பிடுவார், என்ன போட்டாலும் சாப்பிடுவார் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சாப்பாட்டின் கதையை நான் அங்கே சொல்லவில்லை. சொன்னால் விடிவதற்குள் கோயில் கமிட்டிக்குப் போய்விடும். ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்வதில் பாதகமில்லை. சொல்லி ஆற்றிக்கொள்ளவும் எனக்கு ஒரு இடம் வேண்டியிருக்கிறது.

2

நான் செங்கல்பட்டில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். வீடு சிங்கப்பெருமாள் கோயிலில். காலையில் மின்சார ரயில், சாயங்காலம் மின்சார ரயில், நடுவில் யார் யாரோ எழுதியதை அடித்துக் கொடுப்பது. என் கணவருக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. பெருமாளுக்குத் தளிகை, அதாவது சமையல். அவருடைய அப்பாவும் அதே அடுப்பில்தான் நின்றார். சம்பளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். என் டைப் ரைட்டர்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் இங்கிலாந்தின் வடக்கே ஓர் ஊரில் நம்மவர்கள் சேர்ந்து, பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை வாங்கி, பெருமாளை எழுந்தருளப் பண்ணினார்கள். முறையாகத் தளிகை செய்ய ஆள் வேண்டும் என்று தேடினார்கள். யாரோ சொல்லி, யாரோ விசாரித்து, இவருக்கு விசா வந்தது. எனக்கும் வந்தது. பையன் முரளிக்கு வரவில்லை. என் பெயருக்குப் பின்னால் அவர் பெயர், பையன் பெயருக்கு முன்னால் அவருடைய இனிஷியல், அவருக்கோ அவர் அப்பா பெயர். ஒரே குடும்பத்துக்கு எப்படி மூன்று குடும்பப் பெயர் என்று விசா ஆபீசில் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் என்றேன். அந்தப் பெண் மேலும் இரண்டு சான்றிதழ் கேட்டாள். அதற்குள் விமானத்துக்கு நாள் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் அழைத்துக்கொள்ளலாம் என்று அவனை மைத்துனர் வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த வருஷம் அவனுக்குப் பரீட்சை. அதற்கடுத்த வருஷம், "நான் எதுக்கு அங்க வரணும்? என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான் இருக்காங்க" என்றான். நாங்கள் மூன்று பேராகச் சாப்பிட்டது அத்தோடு சரி. மற்றவர்களெல்லாம் வெளிநாடு வந்து பிள்ளைகளைத் தொலைத்தேன் என்று எழுதுகிறார்கள். நாங்கள் வெளிநாடு வந்து, உள்ளூரிலேயே விட்ட பிள்ளையைத் தொலைத்தோம்.

கமிட்டி எங்களுக்கு மூடிக் கிடந்த ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை கொடுத்தது. சம்பளத்தில் முரளியின் படிப்புக்கு அனுப்பியதும் மிச்சம் இருப்பதுதான் வீட்டுச் செலவுக்கு. குளிருக்கு ஒரு அறையை மட்டும் சூடாக்கி, அதிலேயே இருப்போம். நானும் வேலை தேடினேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் 'டின்னர் லேடி' வேண்டும் என்று போர்டு போட்டிருந்தார்கள். போய், ராத்திரி வேலைக்கு என்னால் வர முடியாது, என் கணவர் வீட்டுக்கு வரும் நேரம் என்றேன். தலைமை ஆசிரியை ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம்தான் தெரிந்தது, இந்தப் பக்கத்தில் மத்தியானம் சாப்பிடுவதற்கு டின்னர் என்று பெயராம். இருநூறு பிள்ளைகளுக்கு மத்தியானத்தில் டின்னர் போட்டுவிட்டு, சாயங்காலம் வந்து இரண்டு பேருக்கு டின்னர் செய்கிறேன். ஜன்மம் பூரா டின்னர்.

3

சமையலில்தான் முதல் அடி விழுந்தது. எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. அது போகட்டும். கோஸ், காரட், பீட்ரூட், காலிஃபிளவர் எதுவும் கிடையாது. எல்லாம் இங்கிலீஷ் காய், கோயிலுக்கு ஆகாது, கோயிலுக்கு ஆகாதது இவர்கள் வீட்டுக்கும் ஆகாது. வாழைக்காய், சேனை, புடலை, பூசணி, கொத்தவரை என்று நாட்டுக் காயாகத்தான் வாங்க வேண்டும். ரயிலை விட்டு இறங்கினால் ஸ்டேஷன் வாசலிலேயே கிடைக்கும். யோசித்ததே இல்லை.

இங்கே வந்தால் வாழைக்காய் விமானத்தில் வருகிறது. அதன் விலையைப் பார்த்துவிட்டு அதைத் திரும்பக் கூடையில் வைத்தேன். மலிவாகக் கிடைப்பதெல்லாம் என் மாமியார் வாசற்படி தாண்ட விடாத காய்கள்தான். இங்கிலாந்தில் இங்கிலீஷ் காய் சாப்பிடாமல் உயிர் வாழ்வது எப்படி என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? ஒரு வாரம் பருப்பும் சாதமுமாக ஓட்டினேன். அப்புறம் ஒரு நாள் கோஸை வாங்கி வந்து, பயத்தம்பருப்பு போட்டுக் கூட்டு செய்து தட்டில் வைத்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாக்குக்கு என்னடி தெரியும், போடு" என்றார்.

அதோடு முடிந்தது. அவருடைய கட்டுப்பாடெல்லாம் பெருமாள் விஷயத்தில்தான், தன் விஷயத்தில் இல்லை.

காய்கறி மார்க்கெட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்தது. பெயர் சேவியர். மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் கோவளத்துக்காரர், மீன்பிடிக் குடும்பம். கப்பலில் வேலைக்கு வந்து, அதை விட்டு, இங்கே ஒரு காய்கறிக் கடையில் நிற்கிறார். முதல் நாள் நான் காலிஃபிளவரின் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "இன்னா மாமி, எலையவா வாங்கப் போற? அத்த நாங்க தூக்கிப் போட்றது" என்றார். இந்த மண்ணில் அந்தப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து கடை கட்டும் நேரத்தில் போவேன். வெள்ளைக்காரர்கள் வெட்டி எறியும் காலிஃபிளவர் இலை, பீட்ரூட் கீரை, முள்ளங்கிக் கீரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருப்பார். "எட்த்துக்கினு போ, ஆட்டுக்குன்னு சொல்லிக் கீறேன்" என்பார். காலிஃபிளவர் இலையின் நடு நரம்பை உரித்துவிட்டு, பொடியாக நறுக்கி, மஞ்சள் பட்டாணிப் பருப்போடு வேகவைத்துத் தேங்காய்ப் பொடி தூவினால் முருங்கைக் கீரைக்குக் கிட்டத்தட்ட வரும். துவரம்பருப்பின் பாதி விலைக்கு அந்தப் பட்டாணிப் பருப்பு கிடைக்கும். இதைத்தான் அந்தப் பெண்களிடமும் சொன்னேன்.

4

வந்த இரண்டாவது குளிர்காலத்தில் அவருக்குக் கண் மங்கியது. உருளியில் பால் பொங்குவது தெரியவில்லை என்றார். ஆவியாக இருக்கும் என்று விட்டுவிட்டோம். அப்புறம் ஒரு நாள் மிளகு என்று நினைத்துக் கடுகை அள்ளிப் போட்டார். டாக்டரிடம் போனோம். ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது, இப்படியே விட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். இவர்கள் கெட்ட செய்தியை வானிலை சொல்வது போலச் சொல்கிறார்கள்.

பார்வை போனால் அடுப்பு போச்சு. அடுப்பு போனால் விசா போச்சு. விசா போனால் முரளியின் படிப்பு போச்சு. அன்று பஸ்ஸில் வரும்போது என் மனதில் ஓடியது இதுதான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எவ்வளவு தெரிந்ததோ.

சரி, சாப்பாட்டிலேயே இதை அடக்கிக் காட்டுகிறேன் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். ராத்திரி சாதத்தை நிறுத்தினேன். பார்லியை ஊறவைத்துக் குழைய வேகவைத்து மோர் விட்டேன். ஓட்ஸில் உப்புமா, கோதுமை மாவில் இரண்டே சப்பாத்தி, பாதித் தட்டுக்குக் கீரை, ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை. உருளைக்கிழங்கைக் கண்ணால் பார்க்கவில்லை. அவருக்கு என்ன உண்டோ அதேதான் எனக்கும். எனக்கு மூன்று மாதத்தில் ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டது. அவர் இளைக்கவே இல்லை. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கோஸ், கீரை, பார்லி என்று ஒப்பித்தேன். அவர் தலையாட்டிய விதத்திலேயே நம்பவில்லை என்று தெரிந்தது.

சேவியர்தான் உடைத்துச் சொன்னார். ஒரு சனிக்கிழமை என் கணவரும் பையைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்கு வந்திருந்தார். மறு வாரம் நான் தனியாகப் போனபோது சேவியர் சிரித்தார். "இன்னா மாமி, சாமி இப்டி ஊதிக்கினே போறாரு? நீ போட்ற எலைய துன்னா மாடே எளச்சிப் போவும். வேற எங்கியோ கைய நனைக்கிறாரு, பாத்துக்கோ."

எனக்குச் சுருக்கென்றது. வேறு எங்கே போவார் இந்த மனுஷன்? ஹோட்டல் காபிகூடக் குடிக்காதவர்.

5

அந்த மாதமே ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பாய்லர் கெட்டுப்போய், பிள்ளைகளை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் நேரே கோயிலுக்குப் போனேன். மத்தியானம் நடை சாத்திய பிறகு அவர் பாத்திரங்களைக் கழுவிவிட்டு நாலு மணிக்குத்தான் கிளம்புவார். இரண்டு பேருமாக வீட்டுக்கு நடக்கலாம் என்று நினைப்பு.

பின்பக்கக் கதவு திறந்திருந்தது. கோயில் பள்ளிக்கூடமாக இருந்த காலத்தில் பிள்ளைகள் கோட் மாட்டுவதற்கு அடித்த கொக்கிகள் இன்னும் சுவரில் வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் உருளி. அதில் சர்க்கரைப் பொங்கல், பாதிக்கு மேல் இருந்தது. பக்கத்தில் தயிர் சாதம். அவர் கை நிறைய எடுத்து வாயில் போட்டு, மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். ஆசையாகச் சாப்பிடுகிறவர் முகமில்லை அது. மூட்டை தூக்குகிறவர் முகம்.

"ஏன்னா! என்ன பண்ணிண்டிருக்கேள்?"

அவர் நிமிர்ந்தார். கையை மறைக்கவில்லை. "வந்துட்டியா. உக்காரு. இன்னிக்கு அஞ்சு பேர்தான் வந்தா. அதுலயும் ரெண்டு பேர் ஒரு ஸ்பூன் போதும்னுட்டா."

"அதுக்கு? உங்க கண்ணு என்ன ஆறதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

"பின்ன என்ன பண்ணச் சொல்றே வைதேகி?" என்று அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். குப்பைக்கு வைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பை அங்கே இருந்தது. "அதுல கொட்டச் சொல்றியா? தெருவுல எல்லார் ஆத்துக் கோழி எலும்பும் போற வண்டில பெருமாள் பிரசாதத்த ஏத்தச் சொல்றியா? என் கையால முடியாது."

ஊரில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சிங்கப்பெருமாள் கோயிலில் உச்சிவேளைத் தளிகை முடிந்தால் வாசலில் கூட்டம் காத்திருக்கும். ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூக்கட்டுகிறவர்கள், ரயிலுக்கு நேரம் இருக்கிறவர்கள். "இன்னிக்கு இன்னா, புளியோதரையா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டுவார்கள். கால் மணியில் பாத்திரம் காலி. கடைசியில் வருகிறவருக்கு இல்லையே என்றுதான் இவர் வருத்தப்பட்டிருக்கிறார்.

இங்கே சனி, ஞாயிறு கூட்டம் வரும். மற்ற நாளில் யார் வருவார்கள், அதுவும் மத்தியானத்தில்? ஆரம்பத்தில் அவர் மீந்ததைப் பின்முற்றத்தில் புறாக்களுக்கு வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து, எலி வரும் என்று முனிசிபாலிட்டியிலிருந்து நோட்டீஸ் வந்தது. ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் கொடுக்கலாம் என்று கமிட்டித் தலைவர் சொன்னார். பழையதைப் பக்தர்களுக்குக் கொடுக்க மாட்டேன் என்று இவர் சொன்னார். சுகாதார இன்ஸ்பெக்டரும் வந்து, ஒரு முறை ஆறிய சோற்றை மறுநாள் யாருக்கும் கொடுக்கக் கூடாது, தூக்கிப் போட வேண்டும் என்றே சொல்லிவிட்டுப் போனார். ஆக, இவர் தன் வயிற்றைக் குப்பைத் தொட்டி ஆக்கிக்கொண்டார். அதன் பிறகு ராத்திரி எனக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று நான் போட்ட பார்லியையும் கீரையையும் வேறு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருக்கிறார்.

"அளவக் கொறச்சுத்தான் பண்ணுங்கோளேன். அஞ்சு பேருக்கு எதுக்கு இவ்ளோ?"

அவர் முகம் மாறியது. "பெருமாளுக்கு அளவு கொறைக்கறதுக்கு நான் யாரு? எங்கப்பா கையில அரிசி இல்லாத நாள்லகூட கடன் வாங்கி அளந்து போட்டார். அந்தப் பேச்ச விடு."

விட்டேன். வேறென்ன செய்வது? கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். உருளியை நடுவில் இழுத்துக்கொண்டு, பாதியை என் பக்கம் ஒதுக்கினேன்.

"நீ எதுக்குடி?"

"பேசாம சாப்பிடுங்கோ" என்றேன்.

6

அன்று ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கோயிலுக்குப் போவேன். மீந்ததில் முக்கால்வாசி எனக்கு, கால்வாசி அவருக்கு. அவருக்குப் போய்ச் சேரும் பொங்கலைக் குறைக்க என் வயிறுதான் எனக்குக் கிடைத்த வழி. கொஞ்சம் டப்பாவில் போட்டுச் சேவியரிடம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். மூன்றாவது தடவை, "வேணா மாமி, என் பொஞ்சாதிக்கும் சுகருன்னுட்டாங்க. வூட்ல வச்சா அது துன்னுடும்" என்றார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, ரொம்ப அருமை என்று சொல்லி, டப்பாவை அப்படியே திருப்பிக் கொடுத்தாள். எங்கே திரும்பினாலும் சர்க்கரை.

ராத்திரி எங்கள் வீட்டில் அரிசியே கிடையாது. ஒரு கூட்டு, ஒரு கீரை, மோர். அதுதான் இந்த ஊரில் பிரசித்தமான என் சிக்கனச் சாப்பாடு. சோற்றுச் செலவு முழுவதும் பெருமாளுடையது என்று சங்கத்தில் எப்படிச் சொல்வேன்?

அவருக்குச் சர்க்கரை மெல்ல இறங்கியது. லேசர் வைத்தார்கள். ஒரு கண் பிழைத்தது, இன்னொன்றில் நிழல் மாதிரிதான் தெரிகிறது என்கிறார். அடுப்பு போகவில்லை. விசாவும் நிரந்தரமாகிவிட்டது. முரளி படித்து முடித்து, பழைய மகாபலிபுரம் ரோடில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "என்னம்மா டின்னர்?" என்பான். கோஸ் கூட்டு என்பேன். "இன்னும் கோஸா? நான்தான் சம்பாதிக்கறேனே, நல்லதா வாங்கிச் சாப்பிடுங்க" என்பான். அப்புறம் அப்பா எப்படி இருக்கார் என்பான். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கு வேறு போன் வந்துவிடும். அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்டால், "ஏதோ ஆர்டர் பண்ணினேன்" என்கிறான். எங்கள் வீட்டு அடுப்பின் ருசி அவனுக்கு ஞாபகம் இருக்குமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

போன வாரம், சங்கத்தில் அந்தப் பேச்செல்லாம் பேசி முடித்த பிறகு, கிளினிக்கிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். வழக்கமான ரத்தப் பரிசோதனைதான். எனக்கும் சர்க்கரையாம். என் அப்பாவுக்கும் உண்டு, பொங்கல் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் களைப்பாக இருந்தது. இவ்வளவு கீரை தின்று, இவ்வளவு நடந்து, கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறோமா என்று இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அவர் கை தட்டிலேயே நின்றது. "எவ்ளோவாம்?" என்றார். சொன்னேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடம் முடிந்து கோயிலுக்குப் போனேன். அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். உருளி கழுவிக் கவிழ்த்திருந்தது.

"இன்னிக்கு நெறைய பேர் வந்தாளா?"

"நாலு பேர்."

"பின்ன பொங்கல் எங்கே?"

"ஆயிடுத்து. வந்தவாளுக்குக் குடுத்தேன், நான் ஒரு வாய் போட்டுண்டேன். கொஞ்சமாத்தான் பண்ணினேன்."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. "கமிட்டி என்ன சொன்னா?"

"கமிட்டிய யார் கேட்டா? பெருமாளக் கேட்டேன். ஆத்துல அவளுக்கு ஒடம்பு முடியல, அளவக் கொறச்சுக்கட்டுமான்னு கார்த்தால சன்னதில நின்னு கேட்டேன்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பையைத் தரையில் எறிந்தேன். "இத்தன வருஷமா உங்க கண்ணு போயிண்டிருந்துதே! ஒரு கண்ணு போயே போச்சு! அப்போ போய்க் கேக்கத் தெரியலையா உங்களுக்கு?"

அவர் துணியைப் பிழிந்துகொண்டே என்னைப் பார்த்தார். நான் என்னவோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல அவர் முகம் திகைத்திருந்தது.

"எனக்காக எப்படிடி கேக்கறது?" என்றார்.